தியூ கரையோரக் காட்டில் ஒரு மரத்தைத் தேடிய வாரம்

வட யூலாண்டின் மேற்குக் கரையில் இருக்கும் தியூ பகுதிக்குப் பிள்ளைகளுடன் போகலாமா, அங்கே கடலைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது என்று இக்காஸ்டில் இருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். போகலாம். அங்கே காடு இருக்கிறது. நான் அந்தக் காட்டுக்கு முதன்முதலாகப் போனது 1986 ஒக்டோபரில், பள்ளிக்கூடங்களுக்கு இலையுதிர்கால விடுமுறை விட்ட வாரத்தில். அப்போது அது தேசியப் பூங்கா இல்லை. நான் போனதும் சுற்றிப் பார்க்க இல்லை, மரம் அளக்க. ஆகவே இது கொஞ்சம் நீளமான பதில். வழி விபரம் மட்டும் வேண்டுமென்றால் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள், கோபிக்க மாட்டேன்.

அந்த நேரம் நான் ஸ்கீவவில் இருந்தேன். வயது இருபத்துமூன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் இரண்டாம் வருடத்தை முடித்துவிட்டு, மூன்றாவதைத் தொடங்க முடியாமல் விமானம் ஏறியவள். வதிவிட அனுமதி கிடைத்திருந்தது. காலையில் டேனிஷ் வகுப்பு, பின்னேரம் ஒன்றுமில்லை. கொம்யூனில், அதாவது ஊர் நிர்வாகத்தில், எனக்குப் பொறுப்பாக இருந்த பெண்மணி, மொழி ஓரளவுக்கு வந்ததும் இக்காஸ்டில் தையல் வேலை எடுத்துத் தரலாம் என்று சொல்லியிருந்தார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்து அறைக்குள் இருந்து அழுதேன்.

விடுமுறைக்கு முதல் வாரம் எங்கள் டேனிஷ் ஆசிரியை ஒரு செய்தி சொன்னார். அவருடைய சிநேகிதி ஒருவர் கரையோரக் காடுகளில் மரங்களின் வளர்ச்சியை அளக்கிறவர். அவருடன் வழக்கமாகப் போகும் மாணவன் கையை முறித்துக்கொண்டான். ஒரு வாரத்துக்கு உதவிக்கு ஆள் வேண்டும், குளிரும், கஷ்டமும், யாராவது வருவீர்களா? அவர் சொல்லி முடிக்குமுன் என் கை மேலே போய்விட்டது.

தனியாகப் போக எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். அதனால் எமில்டா அக்காவைக் கேட்டேன். மன்னாரைச் சேர்ந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும், கணவர் ஊரில், அவருக்கான அனுமதியைப் பார்த்துக்கொண்டு இங்கே தனியாக இருந்தார். வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரை. அதிகம் கதைக்க மாட்டார்.

"மரத்தை அளந்து என்ன செய்யிறவை?" என்று கேட்டார்.

"எவ்வளவு வளருது, எது சாகுது, ஏன் சாகுது எண்டு பாக்கிறது அக்கா."

கொஞ்சம் யோசித்தார். "சரி, வாறன். இஞ்ச இருந்து சுவரைப் பாக்கிறதுக்கு அது பரவாயில்லை."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்கீவவில் பஸ் ஏறினோம். அங்கிருந்து திஸ்டெட் நகரம் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். நடுவில் மோர்ஸ் தீவு வரும். தீவுக்குப் போகும் சாலிங்சுண்ட் பாலம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நீளம், இரண்டு பக்கமும் தண்ணீர். பாலத்தின் நடுவில் காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் ஒரு தள்ளுத் தள்ளியது. எமில்டா அக்கா முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். சாரதி கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இது காற்றில்லை. எங்கே போகிறீர்கள்?"

எனக்குத் தெரிந்த டேனிஷில் கிளிட்முல்லர் பக்கம் என்றேன்.

"அங்கேதான் காற்று இருக்கிறது" என்றார்.

தீவில் இருக்கும் நிக்கோபிங்கில் பஸ் மாறி, மதியத்துக்கு முன் திஸ்டெட் போய்ச் சேர்ந்தோம். மரம் அளக்கும் பெண்மணி இங்கர் பழைய வான் ஒன்றுடன் நின்றார். ஐம்பது வயது, குட்டை முடி, கை கொடுத்தால் எலும்பு நோகும். எங்களுக்காக இரண்டு சோடி றப்பர் சப்பாத்து கொண்டு வந்திருந்தார், இரண்டும் பெரிது. அங்கிருந்து கரைக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர். காட்டின் ஓரத்தில் வேலையாட்கள் தங்கும் மரக்குடில் ஒன்றில் தங்கினோம். ஒரு அடுப்பு, நான்கு கட்டில், வெளியே கைப்பம்பு.

காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்குக் கரையில் ஒரு காலத்தில் மரமே இருக்கவில்லை. கடல் மணல் காற்றோடு கிளம்பி வயலையும் வீட்டையும் மூடியது. அதை நிறுத்தத்தான் காடு நட்டார்கள். முதலில் குள்ளமான மலைப் பைன், அது மணலைப் பிடித்த பிறகு அதன் மறைவில் சிட்கா ஸ்பிரூஸ். இரண்டும் ஊசியிலை மரங்கள்; ஒன்று அல்ப்ஸ் பக்கத்து மரம், மற்றது அமெரிக்காவின் மேற்குக் கரை மரம். இங்கர் சொன்னதை நான் தமிழில் சொன்னபோது எமில்டா அக்கா முதல் தடவையாகச் சிரித்தார். "அப்ப இஞ்ச ஊர்க்காரர் ஒருத்தரும் இல்லையோ?"

மேற்கு விளிம்பில் நிற்கும் மரங்களைப் பார்த்தால் நம்ப முடியாது. இடுப்பளவு, தோளளவு, எல்லாம் கிழக்கே சாய்ந்து, கடல் பக்கம் ஒரு பச்சையும் இல்லாமல் உப்புக்காற்றில் கருகி நிற்கும். ஆனால் அடிமரம் தடித்து மொத்தமாக இருக்கும், ஆட்டினால் ஆடாது. உள்ளே போகப் போக மரம் உயரும். இருநூறு மீட்டர் உள்ளே நிமிர்ந்து பார்க்கும் உயரம், ஆனால் மெலிவு. விளிம்பு காற்றை வாங்கிக்கொள்வதால் உள்ளே நிற்பவை தடிக்கத் தேவையில்லாமல் வெளிச்சத்துக்காக மேலே மட்டும் ஓடியிருக்கின்றன. நாங்கள் போவதற்கு ஐந்து வருடங்களுக்கு முன் அடித்த பெரும்புயல் விளிம்பை ஓரிடத்தில் உடைத்து உள்ளே புகுந்தபோது இந்த மெலிந்த மரங்கள்தான் வரிசையாக விழுந்தன.

இங்கர் அளக்கும் காட்டுத் துண்டு அந்த உடைப்புக்குப் பின்னால் இருந்தது. அங்கே ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சிறு அலுமினியத் தகடும் இலக்கமும் உண்டு, நெஞ்சு உயரத்தில் வெள்ளைப் பூச்சு வளையமும் உண்டு. அந்த வளையத்தில் நாடாவைச் சுற்றி மரத்தின் தடிப்பை அளக்க வேண்டும், உயிரா செத்ததா என்று சொல்ல வேண்டும், செத்திருந்தால் நின்றபடியா, முறிந்தா, வேரோடு சாய்ந்தா என்று சொல்ல வேண்டும். விழுந்த மரங்களை அகற்றிவிட்டு முழுத் துண்டையும் வெட்டிப் புதிதாக நடக் காட்டு நிர்வாகம் முடிவு செய்திருந்தது. அடுத்த திங்கள் இயந்திரம் வரும். ஆகவே இதுதான் கடைசி அளவு. இந்த வாரம் தவறினால், இருபது வருடமாக அளந்த மரங்களுக்கு முடிவில் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

முதல் இரண்டு நாளும் வேலை நன்றாகப் போனது. நான் நாடா பிடித்தேன், இங்கர் எழுதினார், எமில்டா அக்கா விழுந்த மரங்களுக்குள் புகுந்து தகடு தேடினார். நிற்கும் மரத்தில் தகடு தேடுவது சுலபம். விழுந்தது ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று நான்கு அடுக்குக் கிடக்கும், நடுவில் முட்செடி, அடியில் பாசி. அக்கா அதற்குள் வயிற்றால் ஊர்ந்து போவார். உள்ளே இருந்து இலக்கத்தைத் தமிழில் கத்துவார், நான் டேனிஷில் திருப்பிச் சொல்வேன். பிசின் கையிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டது. மாலையில் பாணும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு விறைத்த விரல்களை அடுப்பில் காட்டிக்கொண்டிருப்போம். சுகமாக இருந்தது. நாடு விட்டு வந்த பிறகு நான் களைத்துத் தூங்கியது அந்த வாரத்தில்தான்.

இரண்டாம் நாள் முடிவில் எல்லா மரமும் கிடைத்துவிட்டன, ஒன்றைத் தவிர. இலக்கம் நூற்று நாற்பத்தேழு. அது நின்றிருக்க வேண்டிய இடத்தில் மிகப் பெரிய குவியல் கிடந்தது. மேலே ஒரு மரம் வேரோடு சாய்ந்து, அதன் வேரும் மண்ணும் ஒரு வீட்டுச் சுவர் போல நிமிர்ந்து நின்றது.

"அடியில் நசுங்கியிருக்கும்" என்றார் இங்கர். "செத்தது என்று எழுதிவிடலாம்."

நான் அதை அக்காவுக்குச் சொன்னேன். அவர் எழும்பி நின்றார்.

"பாத்தவவோ?"

"இல்லை அக்கா. பாக்கேலாது தானே."

"பாக்காமல் என்னண்டு செத்தது எண்டு எழுதுவா? காணேல்லை எண்டு எழுதச் சொல்லு. செத்தது எண்டு எழுதக்கூடாது."

அவருடைய முகத்தைப் பார்த்ததும் இங்கர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. "சரி, நாளைக்குத் தேடுவோம்" என்றார்.

மூன்றாம் நாள் காலை மேற்கிலிருந்து காற்று எழும்பியது. இங்கரிடம் ஒரு விதி இருந்தது: மேலே மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று இடிபடத் தொடங்கினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும். நாங்கள் குவியலுக்குப் போன கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது, யாரோ தூரத்தில் விறகு அடுக்குவது போல.

"வெளியே!" என்றார் இங்கர்.

அக்கா அப்போது குவியலுக்குள் இருந்தார். இரண்டு சப்பாத்துகள் மட்டும்தான் தெரிந்தன. கூப்பிட்டேன். "பொறு, கை எட்டுது" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது. அந்த நேரம் என் காலுக்குக் கீழே நிலம் மெதுவாக உயர்ந்தது, பிறகு இறங்கியது. திரும்பவும் உயர்ந்தது. தூங்குகிற ஆளின் நெஞ்சில் நிற்பது போல இருந்தது. பக்கத்தில் நின்ற ஸ்பிரூஸ் ஆட, அதன் வேர் மண்ணோடு கிளம்பிக் கிளம்பி அமர்ந்துகொண்டிருந்தது. அதைப் புத்தகத்தில் நான் படித்ததில்லை. ஆனால் புரிந்தது.

இங்கர் ஒரு காலைப் பிடித்தார், நான் மற்றதைப் பிடித்தேன். இழுத்தோம். அக்கா திட்டிக்கொண்டே வந்தார், ஒரு சப்பாத்து என் கையோடு வந்துவிட்டது, திரும்பக் காலைப் பிடித்து இழுத்து மூவரும் ஓடினோம். பாதைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது அந்த ஸ்பிரூஸ் சாய்ந்துகொண்டிருந்தது. சட்டென்று விழவில்லை. வேர்கள் ஒவ்வொன்றாக அறுபடும் சத்தம் கேட்டது, பிறகு ஒரே மூச்சில் குவியலின் மேல் போய் விழுந்தது. அக்கா படுத்திருந்த இடத்தின் மேல்.

 ஒற்றைச் சப்பாத்துடன் நின்ற எமில்டா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு இங்கர் கோபத்தோடு என்னிடம் சொன்னார்: "அவளிடம் சொல். மரத்துக்காக ஆள் சாகக்கூடாது. இங்கே நான் சொல்வதைக் கேட்க வேண்டும்."

சொன்னேன். அக்கா தலையைக் குனிந்து, "ஓம், பிழைதான்" என்றார். ஆனால் குடிலுக்கு வந்து ஈர உடுப்பை மாற்றும்போது, "காத்து விட்டதும் போவம்" என்றார். கேள்வியாக இல்லை.

காற்று இரண்டு நாள் விடவில்லை. குடிலின் கூரை முழுநேரமும் அதிர்ந்தது. அந்த இரண்டு நாளில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அக்காவின் தம்பி ஜெயசீலன், இருபது வயது. போன வருடம் வள்ளத்தில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை. நேவி பிடித்தது என்றார்கள், இந்தியாவுக்குப் போய்விட்டான் என்றார்கள், சுட்டது என்றார்கள். ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. வருடம் முடிகிறது, இறந்தவருக்கான பூசை ஒப்புக்கொடுத்துவிடுவோம் என்று ஊரில் சொந்தக்காரர் சொல்கிறார்கள். தாய் மூத்த மகளின் சொல்லுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் களைச்சுப் போச்சு" என்றார் அக்கா. "தேடிக் களைச்சிருந்தால் பரவாயில்லை. தேடாமலே களைச்சுப் போச்சினம்."

நான் இதை இங்கருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லலாமா என்று அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன்.  இங்கர் எழும்பி, அக்காவின் நனைந்த சப்பாத்துக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கி அடைத்து அடுப்பருகே வைத்தார்.

வெள்ளிக்கிழமை காற்று விட்டது. வானம் கழுவி விட்டது போல இருந்தது. காட்டுக்குள் போனால் பிசின் வாசம் மூக்கை அடைத்தது. புதிதாகப் பதினேழு மரங்கள் விழுந்திருந்தன. வாரத் தொடக்கத்தில் உயிர் என்று எழுதியதை இப்போது சாய்ந்தது என்று மாற்ற வேண்டும். அதில் காலை முழுவதும் போனது. சில மரங்களை இங்கர் துளைத்துப் பார்த்தார். பென்சில் அளவில் ஒரு குச்சி வெளியே வரும், அதில் வருட வளையங்கள் தெரியும். உடைப்புக்குப் பக்கத்தில் தப்பி நின்ற ஒரு மரத்தில், புயலுக்குப் பிறகு வந்த வளையங்கள் முன்னையவற்றைவிட இரண்டு மடங்கு அகலம். அயல் மரங்கள் விழ, வெளிச்சமும் தண்ணீரும் அதற்குக் கிடைத்திருக்கிறது. நான் அந்தக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இதைத்தான் நான் படிக்க விரும்பினேன் என்று ஞாபகம் வந்தது.

பின்னேரம் குவியலுக்குப் போனோம். இங்கர் முதலில் சுற்றி வந்து, எந்த மரம் எதில் பாரத்தைப் போட்டிருக்கிறது என்று பார்த்தார். "கிழக்குப் பக்கத்தால் மட்டும்" என்றார். புதிதாக விழுந்த மரம் மேலே கிடந்த பழைய கிளைகளை முறித்துத் திறந்து விட்டிருந்தது. நடுவில் ஒரு சின்ன ஸ்பிரூஸ், என் உயரம் இருக்கும், பச்சையாக நிமிர்ந்து நின்றது. முதல் நாட்களில் அதன் நுனி மட்டும் தெரிந்தபோது, விதையில் முளைத்த கன்று என்று நாங்கள் மூவருமே நினைத்திருந்தோம்.

அன்றைக்கு அதைப் பார்த்தபோது எனக்கு ஏதோ இடித்தது. கன்றின் அடி நேராக நிலத்துக்குப் போக வேண்டும். இது அடியில் வில் போல வளைந்திருந்தது.

"அக்கா, அது எங்க இருந்து வருகுது எண்டு பாருங்கோ. மண்ணில இருந்தோ?"

அக்கா இங்கரைப் பார்த்தார். இங்கர் தலையாட்டினார். அக்கா உள்ளே போனார். பாசியைக் கையால் கிளறும் சத்தம் கேட்டது.

"மண்ணில இல்லை" என்றார். "மரத்தில இருந்து. படுத்துக் கிடக்கிற மரத்தில கொப்பு நிமிர்ந்து நிக்குது."

"அடிப்பக்கம் போங்கோ. வெள்ளைப் பூச்சு இருக்கோ பாருங்கோ."

அவர் ஊர்ந்தார். நின்றார். பிறகு சத்தமே இல்லை. நான் பயந்து கூப்பிட்டேன்.

"நூற்று நாப்பத்தேழு" என்றார்.  "வதனி, உயிரோட கிடக்கு."

இங்கர் ஈரப் பாசியில் அப்படியே உட்கார்ந்து சிரித்தார். பிறகு தானும் உள்ளே ஊர்ந்து போய்த் துளைத்துப் பார்த்தார். வேரின் ஒரு பக்கம் அறாமல் மண்ணில் இருந்திருக்கிறது. புயலுக்குப் பிறகு ஐந்து வளையங்கள், மயிரிழை அளவு, ஆனால் ஒவ்வொரு வருடமும் ஒன்று. படுத்தபடியே வளர்ந்திருக்கிறது. எமில்டா அக்கா மண்ணும் பிசினும் அப்பிய முகத்தோடு வெளியே வந்து, எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்துச் சத்தம் போட்டு அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கீவவுக்குத் திரும்பினோம். திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் அக்கா தபால் நிலையத்துக்குப் போய் ஊருக்குத் தொலைபேசி எடுத்தார். நான் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றேன். "பூசை வேண்டாம் அம்மா. நான் சொல்லுமட்டும் வேண்டாம்" என்பது மட்டும் கேட்டது.

அந்த மரம் பிழைக்கவில்லை. நவம்பரில் இங்கர் வகுப்புக்கு வந்து, துண்டை முழுதாக வெட்டிவிட்டார்கள், தான் கேட்டும் ஒன்றுக்காக இயந்திரத்தைச் சுற்றி ஓட்ட முடியாது என்றுவிட்டார்கள் என்று சொன்னார். அக்காவுக்கு எப்படிச் சொல்வதென்று நான் தயங்கினேன். சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "என்னண்டு எழுதினவ?"

"உயிரோட இருந்தது, வெட்டினது எண்டு."

"அப்ப சரி."

தம்பியும் திரும்பவில்லை. கணவர் வந்து, இரண்டு பிள்ளைகள் பிறந்து, முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே அக்கா பல வருடம் தேடினார். போர் ஓய்ந்திருந்த ஒரு காலத்தில் மன்னாருக்குப் போனார். அன்றைக்கு அதே கடலில் நின்ற இன்னொரு வள்ளத்துக்காரர் ராமேஸ்வரத்தில் இருப்பதாக அறிந்து அங்கேயும் போனார். அந்த மனிதர் கண்ணால் கண்டதைச் சொன்னார். வள்ளம் தாழ்ந்ததைக் கண்டிருக்கிறார். அக்கா ஊருக்குத் திரும்பி, தாயைப் பக்கத்தில் இருத்தி, பூசை ஒப்புக்கொடுத்தார். "தேடி முடிச்சிட்டன்" என்று என்னிடம் சொன்னபோது அவர் அழவில்லை.

நான் தையல் வேலைக்கும் போனேன், மூன்று வருடம். போன முதல் நாளே மேற்பார்வையாளரிடம் நான் இங்கே நிரந்தரமாக இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரவில் படித்து, பிறகு மரக்கன்று வளர்க்கும் பண்ணை ஒன்றில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

இனி வழி. ஸ்கீவ, ரண்டர்ஸ், இக்காஸ்ட் எங்கிருந்து போனாலும் காரில் போவது சுகம். பஸ் என்றால் திஸ்டெட் வரை போய், அங்கிருந்து கிளிட்முல்லருக்கு மாற வேண்டும். ஞாயிறுகளில் பஸ் குறைவு, நேரத்தையும் கட்டணத்தையும் முன்கூட்டியே பாருங்கள். மே, ஜூன் நல்ல மாதம். ஒக்டோபரில் போனால் காற்று அடிக்கும் நாளில் கடற்கரையோடு நின்றுவிடுங்கள், மரங்களின் தலைகள் இடிபடும் சத்தம் கேட்டால் படம் எடுக்க நிற்காமல் வெளியே வாருங்கள். காற்று விட்ட மறுநாள் காடு மிக அழகு. ஆனால் வேரோடு சாய்ந்த மரத்தின் குழிக்குள் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள், நிமிர்ந்து நிற்கும் அந்த வேர்ச்சுவர் சிலவேளை திரும்பி விழும். குடை கொண்டு போகாதீர்கள், உடைந்துதான் வரும்.

மேற்கு விளிம்பிலிருந்து உள்ளே நடந்தால் அரை மணி நேரத்தில் இடுப்பளவு மரத்திலிருந்து ஆகாயம் தொடும் மரம்வரை பார்த்துவிடலாம். வழியில் விழுந்து கிடக்கும் மரங்கள் இளைப்பாற வசதியானவை. உட்காருமுன் ஒருதடவை அதன் நுனிவரை நடந்து பாருங்கள். பச்சை இருந்தால் வேறு மரம் பார்த்து உட்காருங்கள்.